கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்

வெளிநாட்டுப் பயணத்தில் நம்மைத் தடுத்து நிறுத்தக்கூடியவர் குடியேற்ற அதிகாரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் இரண்டாவது ஆள். முதல் ஆள், கிளம்புகிற விமான நிலையத்திலேயே செக்-இன் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் விமான நிறுவன ஊழியர். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும். அந்தப் பயணியைத் திருப்பி அழைத்துப் போகும் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதுதான் அந்த ஊழியருக்குப் பாதுகாப்பு. அவரிடம் கோபப்பட்டு ஒரு பயனும் இல்லை.

அவர் பார்க்கும் திரையில் பெரும்பாலும் இருப்பது டிமாட்டிக் என்ற தரவுத்தளம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே போகிறார், வழியில் எங்கே விமானம் மாறுகிறார் என்று கொடுத்தால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அது சொல்லிவிடும். இதே தகவலைப் பயணிகளும் பார்க்கலாம். ஐயாட்டாவின் பயணிகளுக்கான தளத்திலும், சில விமான நிறுவனங்களின் இணையதளங்களிலும் கிடைக்கிறது. வேலைக்காகப் பல வருடங்களாக நாடு விட்டு நாடு போய்வருகிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை ஒருமுறை பார்த்துவிடுவேன். தெரிந்தவர் சொன்னார், போன வருடம் யாரோ இப்படித்தான் போனார் என்பதெல்லாம் கவுன்டரில் செல்லாது.

ஒரு பயணத்தில் ஒரு நாட்டில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பக்கத்து நாட்டுக்குப் போய், அங்கிருந்து ஊர் திரும்புவதாகத் திட்டம். செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் "திரும்பும் டிக்கெட் எங்கே?" என்றார். ரயில் டிக்கெட்டையும் பக்கத்து நாட்டிலிருந்து திரும்பும் விமான டிக்கெட்டையும் அச்சடித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். அவர் திரையை மேலும் கீழும் நகர்த்தி, உதடு அசைய வாசித்து, திருப்தியாகாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். அவர் வந்து இரண்டு தாள்களிலும் இருந்த பெயரைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார், தேதியைப் பார்த்தார், தலையாட்டினார். அவ்வளவுதான். பக்கத்துக் கவுன்டரில் ஓர் இளைஞருக்கும் இதே கேள்வி. "அங்கே போய்ப் போட்டுக்கொள்வேன்" என்றார். வரிசையிலிருந்து ஒதுங்கி நின்று, போனில் கிடைத்த டிக்கெட்டைக் கிடைத்த விலைக்கு வாங்கிக் காட்டிய பிறகுதான் அவருக்குப் போர்டிங் பாஸ் கிடைத்தது. விசா தேவையில்லாத நாடாக இருந்தாலும், போய் இறங்கியதும் விசா தரும் நாடாக இருந்தாலும், வெளியேறும் டிக்கெட் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற நாடுகள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கு வேறு: அங்கிருந்து வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஓரம் கிழிந்தது, தண்ணீர் பட்டு ஊறியது, அட்டை பிரிந்தது எல்லாம் தகராறுக்கு வழி. சுற்றுலாத் தலங்களில் ஞாபகார்த்தமாக முத்திரை குத்தித் தருவார்கள், பெரு நாட்டின் மச்சு பிச்சுவில் அது பிரசித்தம். ஆசையிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குத்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் உங்கள் அரசாங்கத்தின் ஆவணம், அதில் அலங்காரம் வேண்டாம்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். படம் இருக்கும் பக்கத்தின் அடியில், இடையிடையே அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். குடும்பப் பெயர் முதலில், இரண்டு அம்புக்குறிகள், பிறகு இயற்பெயர். டிக்கெட் போடும்போது மேலே அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு இந்த வரியைப் பார்த்து எழுதினால் குழப்பம் வராது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்க விசாவில் அவர்களது பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், இயற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். இயற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். செக்-இன் சமயத்தில் எழுத்துப்பிழை திருத்த ஒத்துக்கொள்வார்கள், பெயர் வரிசையை மாற்ற எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கும் டிக்கெட்டில் சிக்கல் ஒளிந்திருப்பது பெரும்பாலும் மாறுமிடத்தில்தான். "அந்த நாட்டுக்குள் போகவே போவதில்லை, விமானம் மட்டும்தான் மாறுகிறேன், எதற்கு விசா?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்காவில் சர்வதேசப் பயணிகள் நாட்டுக்குள் நுழையாமல் விமானம் மாறும் ஏற்பாடு கிடையாது. வேறு நாட்டுக்குப் போகிறவரும் அங்கே குடியேற்றச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதற்கு விசாவோ, விசா தேவையில்லாத நாட்டவர்கள் இணையத்தில் வாங்கும் எஸ்டா அனுமதியோ வேண்டும். கனடாவிலும் பிரிட்டனிலும் சில நாட்டவர்களுக்கு மாறுவதற்கே அனுமதி தேவை. ஒரே நகரத்தில் இரண்டு விமான நிலையங்கள் என்றால் இன்னும் கஷ்டம். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டும், டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏற வேண்டும் என்று டிக்கெட் இருந்தால், அந்த நாட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை நாமே ஒட்டிப் பயணம் அமைத்துக்கொள்வது இன்னொரு வகை. பணம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது சம்பந்தமே இல்லாத சங்கதி. நீங்கள் வராத பயணி, டிக்கெட் போச்சு. பெட்டியும் பல சமயம் நேரே போகாது. வெளியே வந்து எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்கும் அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருக்கும். எனக்குத் தனி டிக்கெட்தான் தோதுப்படும் என்றால் நடுவில் ஓர் இரவு தங்கிவிடுவேன். வயதானவர்களோடு போகும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஒரே டிக்கெட்தான்.

வயதானவர்கள் என்றதும் சக்கர நாற்காலி ஞாபகம் வருகிறது. அம்மாவை அழைத்துப் போனபோதுதான் அதில் மூன்று வகை இருப்பதைத் தெரிந்துகொண்டேன். தூரம் நடக்க மட்டும் முடியாதவருக்கு ஒன்று. விமானப் படிக்கட்டும் ஏற முடியாதவருக்கு ஒன்று. இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவருக்கு ஒன்று. எந்த வகை என்று தெளிவாகச் சொல்லிக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்துவிட வேண்டும். அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்று முதலிலேயே குறிப்பிட்டிருந்ததால், விமானம் தொலைவில் நின்றபோது பேருந்துக்குப் பதிலாகத் தூக்கி ஏற்றும் வண்டி வந்தது. பொதுவாக "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்ன ஒரு பெரியவர் படிக்கட்டின் அடியில் நின்று, ஊழியர் வயர்லெஸ்ஸில் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

வருகைப் படிவங்கள் இப்போது பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டன. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்திலும் 2025 மே 1 முதல் அப்படித்தான். மூன்றுமே இலவசம். ஆனால் தேடுபொறியில் போட்டால் முதலில் வருவது, அரசுச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள்தான். பணம் போவதோடு பாஸ்போர்ட் விவரமும் போகிறது. இலவசப் படிவத்துக்கு எவராவது கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இனி பெட்டி. பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்பதை வாட்-அவரில் சொல்வார்கள், 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர், எனவே பயமில்லை. ஆனால் அந்த எண் அதன் மேல் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எழுத்து தேய்ந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் பிடுங்கிப் போடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். 2025-லிருந்து பல நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டிருக்கின்றன. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்நாட்டின் தர முத்திரை இல்லாததை ஏற்றுவதில்லை. சீனாவுக்குள் ஊர் மாறிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி வராமல் போவது யாருக்கும் நடக்கலாம். எனக்கு நடந்தபோது பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது, வரவேண்டியது மட்டும் வரவில்லை. அப்போது செய்யக்கூடாத ஒன்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே போய்விடுவது. சுங்கச் சோதனையைத் தாண்டுவதற்கு முன்பே பெட்டிச் சேவைக் கவுன்டர் இருக்கும். அங்கே இருந்த ஊழியர் ஒரு பிளாஸ்டிக் அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தார். வரிசை வரிசையாகப் பெட்டிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மேலே நிறங்களின் பட்டியல். "உங்களுடையது இதில் எது?" சக்கரம் இரண்டா நான்கா, துணியா கெட்டி ஓடா, நீலமா கருநீலமா என்று சின்னச் சின்னக் கேள்விகள். தூங்காத கண்ணோடு கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் சொல்வது லேசான வேலை இல்லை. பெட்டியைக் கொடுப்பதற்கு முன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அவரே பார்த்து எண்ணைத் தட்டிக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்டார். எல்லோரிடமும் இருக்கும் சட்டை பேன்ட்டைச் சொல்லிப் பயனில்லை, திறந்ததும் இது இவருடையது என்று தெரிகிற ஏதாவது ஒரு பொருளைச் சொல்ல வேண்டும்.

அவர் கொடுத்த தாளில் எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடங்கள் கொண்ட குறிப்பு எண் இருந்தது. விமான நிலையக் குறியீடு மூன்று எழுத்து, நிறுவனக் குறியீடு இரண்டு, பிறகு ஐந்து எண்கள். பெட்டியைத் தேடும் உலகளாவிய கணினி முறையில் அதுதான் நம் முகவரி. செக்-இன் செய்தபோது போர்டிங் பாஸில் ஒட்டித் தந்த சின்னச் சீட்டில் பெட்டியின் எண் இருக்கும். அந்தச் சீட்டைப் பயணம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் பழைய பயணத்தின் ஒட்டுச் சீட்டுகள் இருந்தால் உரித்துவிடுங்கள், ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே கட்டிய பெயர்ச் சீட்டு அறுந்து போகும், உள்ளேயும் ஒரு தாளில் பெயரும் மின்னஞ்சலும் எழுதி வையுங்கள். இப்போது, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஏர்டேக் மாதிரி ஒன்றையும் உள்ளே போட்டுவிடுகிறேன்.

பெரும்பாலான நாடுகளுக்கு இடையிலான பயணத்தில் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் நம் பக்கம் இருக்கிறது. பெட்டி சேதமானால் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால் வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள் தர வேண்டும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர். சர்வதேச நிதியம் கணக்கிடும் அலகு அது, அன்றைய மதிப்பை நிதியத்தின் தளத்தில் பார்க்கலாம். தாமதத்தின்போது வாங்கிய அத்தியாவசியப் பொருட்களுக்கும் பணம் கேட்கலாம். எனக்குக் கிடைத்தது, ரசீது வைத்திருந்தவற்றுக்கு மட்டும்தான். நகை, லேப்டாப், மருந்து, அசல் சான்றிதழ் எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடியேற்ற அதிகாரியிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்பதுதான் கேள்வி. தங்குமிட முகவரியைத் தாளில் வைத்திருந்தால் போனைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். தங்கும் நாட்களை எண்ணுவதில் ஷெங்கன் பகுதியில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எந்த 180 நாட்களை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாட்களுக்கு மேல் இருக்கக்கூடாது, நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12-லிருந்து முத்திரைக்குப் பதிலாக முகம், கைரேகையோடு கணினியில் பதியும் முறை அங்கே படிப்படியாக வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பண விஷயத்தில் சொல்ல வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். கடையில் கார்டைத் தேய்த்ததும் இயந்திரம் இரண்டு தொகையைக் காட்டும்: ஒன்று அந்த ஊர்ப் பணத்தில், இன்னொன்று நம் ஊர்ப் பணத்தில். நம் பணம் தெரிந்ததுதானே என்று கை அங்கேதான் போகும். அதைத் தொட்டால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் பக்கம் தீர்மானிக்கும், நமக்கு நஷ்டம். எப்போதும் அந்த ஊர்ப் பணம்தான். ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்காரர் என்னைக் கேட்காமலே பொத்தானை அழுத்தினார். ரசீதில் என் ஊர்ப் பணம் அச்சாகியிருந்ததைக் காட்டி, ரத்து செய்து மறுபடி போடச் சொன்னேன். முகம் சுளித்தாலும் செய்தார். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், "மாற்றத்தை ஏற்கவில்லை" என்பதை அழுத்தினாலும் பணம் வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

வங்கியின் ஓடிபி சொந்த ஊர் எண்ணுக்குத்தான் வரும். அங்கே புது சிம் போட்டுவிட்டு பழையதைக் கழற்றி வைத்துவிட்டால் கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். டேட்டாவுக்கு இசிம் (அட்டை மாற்றாமல் போனிலேயே பதிந்துகொள்ளும் சிம்), குறுஞ்செய்திக்குப் பழைய எண்ணில் ரோமிங் என்பது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. கார்டுகள் இரண்டு, வேறு வேறு பைகளில்.

மருந்துகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி மருந்து இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக்கூடாது. கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். மருந்தை அதன் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, சீட்டில் மருந்தின் மூலப்பெயரோடு எடுத்துப் போங்கள். காப்பீட்டில் தொகையைவிட அவசர உதவி எண்தான் எனக்கு முக்கியம். பல பாலிசிகள் மருத்துவமனையில் சேரும் முன்போ சேர்ந்த உடனேயோ அந்த எண்ணுக்குத் தகவல் சொல்லச் சொல்கின்றன. வண்டி ஓட்டும் எண்ணம் இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எந்த ஒப்பந்தத்தின்படி தரப்பட்டது என்று அட்டையைப் புரட்டிப் பாருங்கள். ஜப்பான் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தந்ததைத்தான் ஏற்கும், வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்தத்தினுடையதைத்தான் ஏற்கும். செல்லாத அனுமதியோடு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

கடைசியாக, பாஸ்போர்ட் தொலைந்தால். காவல் நிலையப் புகார், அதன் நகலோடு நம் தூதரகம், அங்கே புதிய பாஸ்போர்ட் அல்லது அவசரப் பயணச் சான்றிதழ். படமுள்ள பக்கத்தின் நகல், விசாவின் நகல், இரண்டு புகைப்படங்கள் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் புகார் கொடுப்பதற்கு முன் அறையை நன்றாக ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தொலைந்ததாக அறிவித்த பாஸ்போர்ட் ரத்தாகிவிடும், அதன் எண் சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போலின் தரவுத்தளத்துக்கும் போகும். 2002-லிருந்து இயங்கும் அதை உலகெங்கும் எல்லைகளில் பார்க்கிறார்கள். என்னோடு வந்த ஒரு நண்பருக்கு, சான்றிதழுக்கு விண்ணப்பித்த மறுநாள் மேல்கோட்டின் உள்பையில் பாஸ்போர்ட் கிடைத்தது. அதிலேயே போய்விடலாம் என்று பார்த்தார். தூதரகத்தில் விடவில்லை, அதை வாங்கி வைத்துக்கொண்டு சான்றிதழைத்தான் கொடுத்தார்கள். அதில் நுழைவு முத்திரை இல்லாததால், வெளியேறும் அனுமதிக்காக அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது. திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டோம்.